ஹலாலான வழி எங்கே? – மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளும் மஹல்லாவின் பொறுப்பும்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியமிகு அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்கிறேன். தனிமையிலும் கூட்டத்திலும் அல்லாஹ்வைப் பயந்து நடப்போமாக.

இன்று பேச இருப்பது பணத்தைப் பற்றி. நம் பிள்ளைகளின் மருத்துவப் படிப்புக்கான பணத்தைப் பற்றி. மிம்பரில் பேசும் விஷயமா இது என்று சிலர் நினைக்கலாம். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில் நான் இமாமாக இருந்தேன். ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு, தையல் கடை வைத்திருந்த ஒரு பாய் கையில் ஒரு ஃபைலுடன் வந்து உட்கார்ந்தார். மகளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்திருந்தது. தனியார் கல்லூரி, ஆனால் அரசு ஒதுக்கீடு. ஐந்து நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். "வட்டிக்கு வாங்கிக் கட்டலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்லியிருப்பேன்? எல்லா இமாம்களும் சொல்வதைத்தான் சொன்னேன். வட்டி ஹராம், அல்லாஹ்வுக்குப் பயந்துகொள்ளுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை, வாதாடவில்லை. தலையைக் குனிந்தபடி கேட்டார்: "சரிங்க ஹஜ்ரத். ஹராமைச் சொல்லிட்டீங்க. ஹலாலான வழி எதுன்னும் நீங்களே சொல்லுங்க, நான் அதுல போறேன்."

சகோதரர்களே, என்னிடம் பதில் இல்லை. மறுநாள் நிர்வாகத்தில் பேசினேன். அடுத்த மாதக் கூட்டத்தில் வைத்துப் பேசலாம் என்றார்கள். கல்லூரி கொடுத்த கெடு ஐந்து நாள். நான்காவது நாள் அவர் மனைவியின் நகைகளை, கருகமணியில் கோர்த்திருந்த தங்கம் உட்பட, அடகு வைத்தார். மீதியை ஃபைனான்ஸில் வட்டிக்கு வாங்கினார். அந்த வாரம் அதே பள்ளியின் அறிவிப்புப் பலகையில் நுழைவாயில் ஆர்ச் கட்ட நன்கொடை தந்தவர்களின் பட்டியல் தொங்கிக்கொண்டிருந்தது.

வட்டி வாங்கிய பாவத்துக்கு அவர் அல்லாஹ்விடம் பதில் சொல்வார். அவரை அந்தக் கடை வாசல் வரை நடக்க விட்ட நாங்கள் என்ன பதில் சொல்வோம்? அந்த ஊரை விட்டு வந்து வருடங்கள் ஆகின்றன. அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ஹராமின் வாசலை அடைக்கச் சொல்லும் மஹல்லா, ஹலாலின் வாசலைத் திறந்தும் வைக்க வேண்டும். இன்றைய உரையின் சாரம் இவ்வளவுதான்.

மருத்துவம் – ஃபர்ளு கிஃபாயா

மருத்துவக் கல்வியை நாம் பெரும்பாலும் அந்தஸ்தாகவும் வருமானமாகவும் கல்யாணச் சந்தை மதிப்பாகவும் பார்க்கிறோம். நம் இமாம்கள் அப்படிப் பார்க்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் கல்வியைப் பற்றிய முதல் பாடத்திலேயே மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்க்கிறார்கள். ஊரில் சிலர் அதை நிறைவேற்றினால் மற்றவர்களின் கடமை நீங்கும். ஒருவருமே இல்லையென்றால் ஊரே குற்றவாளி. மஸ்அலா சட்டங்களைக் கற்க இத்தனை பேர் போட்டி போடுகிறார்கள், மருத்துவம் கற்க ஆள் இல்லையே என்று அவர்கள் தம் காலத்து மக்களைக் கடிந்துகொள்கிறார்கள்.

ஜனாஸா தொழுகையும் ஃபர்ளு கிஃபாயாதான். மய்யித்து வீட்டில் கஃபன் வாங்கக் காசில்லை என்றால் அடுத்த மாதக் கூட்டத்தில் பேசலாம் என்று சொல்வோமா? ஒருவர் பாக்கெட்டில் கையை விடுவார், காரியம் முடிந்துவிடும். இறந்தவரை அடக்கும் கடமையில் இருக்கும் அவசரம், உயிரோடிருப்பவரைக் காப்பாற்றும் கல்வியில் நமக்கு ஏன் இல்லை? ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போன்றவர் என்ற கருத்தை அல்லாஹ் தன் வேதத்தில் கூறுகிறான் (5:32). அந்த ஆயத்தை ஓதுகிறோம். அந்த வேலைக்குப் போகும் பிள்ளையின் கட்டணச் சீட்டைத்தான் பார்க்க மறுக்கிறோம்.

பள்ளிவாசலுக்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் மஸ்ஜிதுந் நபவியைப் பாருங்கள். அகழ்ப் போரில் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள் காயமடைந்தபோது, நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள்ளேயே அவருக்குக் கூடாரம் அமைத்தார்கள் (புகாரி 463). காயமடைந்தவர்களுக்கு அங்கே சிகிச்சை செய்தவர் ருஃபைதா (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணி. பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு செலவு செய்து டாக்டர் படிப்பு என்று கேட்கும் தாய்மார்களும் தகப்பன்மார்களும் இந்த ஒரு பெயரை நினைவில் வையுங்கள்.

நம் முன்னோர்கள் செய்த ஏற்பாடு

மருத்துவ மாணவருக்கு உதவித்தொகை என்பது இன்றைய கண்டுபிடிப்பு என்று எண்ணாதீர்கள். ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் டமாஸ்கஸ் நகரில் முஹத்தபுத்தீன் அத்தக்வார் என்றொரு மருத்துவர் இருந்தார். அய்யூபி சுல்தான்களின் அரண்மனை வைத்தியர், பெரும் ஆசிரியர். அவர் தம் சொந்த வீட்டையே மருத்துவக் கல்லூரியாக வக்ஃபு செய்தார். வீட்டோடு நிறுத்தவில்லை. வருமானம் தரும் சொத்துக்களையும் சேர்த்து எழுதி வைத்தார். அந்த வருமானத்திலிருந்து பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் படிக்கும் மாணவர்களுக்கும் தொகை போக வேண்டும் என்பது ஏற்பாடு. அவருடைய மாணவர் இப்னு அபீ உஸைபிஆ தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். கி.பி. 1230-ல் அத்தக்வார் மறைந்தார், அந்த மதரஸா தொடர்ந்தது.

அவரிடம் படித்தவர்களில் ஒருவராக இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்களைச் சொல்வார்கள். இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று திரும்பும் சுற்றோட்டத்தை விவரித்தவர் அவர். 1288-ல் கெய்ரோவில் மறைந்தபோது அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் வீட்டையும் நூலகத்தையும் அங்கிருந்த மன்ஸூரி மருத்துவமனைக்கு எழுதி வைத்தார். வாங்கிய கை கொடுக்கும் கையாக மாறியது. ஆசிரியர் செய்த அமலை மாணவர் வேறொரு நாட்டில் திரும்பச் செய்தார். ஸதகத்துல் ஜாரியா என்று நாம் சொல்வது இதைத்தான்.

நம் ஊர்களிலும் வக்ஃபு சொத்துக்கள் உண்டு. கடைகள், தோப்புகள், நிலங்கள். பல கடைகளுக்கு தாத்தா காலத்து வாடகை. வாடகைக்கு இருப்பவரும் நம் ஆள்தான். நியாயமான வாடகையைக் கொடுத்தால் அதில் ஒரு பிள்ளை படிக்கும். கொடுக்காமல் இருப்பது யாருடைய ஹக்கைச் சாப்பிடுவது என்று அவரவர் யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு சொத்து எந்த நோக்கத்துக்காக வக்ஃபு செய்யப்பட்டதோ அதற்குத்தான் செலவிட வேண்டும். ஆகவே கல்விக்கென்றே இனி புதிதாக வக்ஃபு செய்ய வசதியுள்ளவர்கள் முன்வர வேண்டும்.

முதல் வாசல்: நமக்குக் கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்குவது

அன்பான பெற்றோர்களே! ஜமாஅத்திடம் வருவதற்கு முன் சில வாசல்கள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரியில் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல். படிப்பு முடியும்போது 20 லட்சத்தைத் தொட்டுவிடும். நிர்வாக ஒதுக்கீடு என்றால் ஒரே ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டும். நீட் தேர்வில் சில மதிப்பெண்கள் கூடினால் குடும்பத்தின் கடனே இல்லாமல் போகலாம். பிள்ளை படிக்கும் இரண்டு வருடம் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பதும் ஒரு கல்வி உதவிதான்.

தமிழ்நாட்டில் 2020-ல் ஒரு சட்டம் வந்தது. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. இதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளி கௌரவக் குறைச்சல் என்று 9-ஆம் வகுப்பில் கடன் வாங்கித் தனியாருக்கு மாற்றும் தகப்பனார், மாற்றும் முன் இதை ஒரு முறை யோசிக்க வேண்டும்.

2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சாதிச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும். கலந்தாய்வுக்கு இரண்டு நாள் முன்பு இ-சேவை மையத்துக்கு ஓடி, ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர், தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் என்று தவிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் இவற்றை 11-ஆம் வகுப்பிலேயே தயார் செய்துவிடுங்கள். தகுதியுள்ள அரசு உதவித்தொகைகளுக்கு விண்ணப்பியுங்கள். கேட்டு வாங்குவது பிச்சை அல்ல, நம் உரிமை. ஆனால் பொய்யான வருமானச் சான்றிதழ் காட்டி இன்னோர் ஏழையின் இடத்தை எடுப்பது ஹராம். அதை வைத்துப் படித்த படிப்பில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

இரண்டாவது வாசல்: ஜகாத்

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரை அல்லாஹ் சூரத்துத் தவ்பாவில் எண்ணிச் சொல்கிறான் (9:60). ஏழைகளும் வறியவர்களும் கடன்பட்டவர்களும் அதில் உண்டு. மார்க்கக் கல்வியில் ஈடுபட்டதால் சம்பாதிக்க முடியாமல் இருப்பவருக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவி (ரஹ்) போன்றோர் எழுதியிருக்கிறார்கள். சமுதாயத்துக்குத் தேவையான கல்வி கற்கும் ஏழை மாணவருக்கும் இது பொருந்தும் என்று இக்கால அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். நிபந்தனை ஒன்றுதான்: அவர் ஏழையாக இருக்க வேண்டும். மாணவர் என்பதற்காக வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஜகாத் போகக் கூடாது.

ஹனஃபி மத்ஹபில் ஜகாத்தைப் பெறுபவருக்கு உடைமையாக்க வேண்டும். ஆகவே மாணவரின் கணக்கில் போட்டு, அவர் கையால் கட்டச் செய்யுங்கள். அல்லது அவருடைய ஒப்புதலைப் பெற்று, அவர் சார்பில் கல்லூரிக்குக் கட்டுங்கள்.

ரமளான் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு லட்ச ரூபாய் ஜகாத்தை நூறு ரூபாய் நோட்டுகளாக மாற்றுகிறோம். வாசலில் வரிசை நிற்கிறது. ஆயிரம் பேர் வாங்கிப் போகிறார்கள். அடுத்த ரமளானிலும் அதே ஆயிரம் பேர் அதே வரிசையில். கொடுத்தால் தேவை தீரும்படி கொடுங்கள் என்பது உமர் (ரலி) அவர்களின் வழிமுறை. ஒரு டாக்டரை உருவாக்கினால் அந்த வீட்டில் அடுத்த தலைமுறை ஜகாத் வாங்காது, கொடுக்கும்.

மூன்றாவது வாசல்: அழகிய கடன்

எல்லோரும் ஜகாத் பெறத் தகுதியானவர்கள் அல்ல. ஒரு சிறு கடை, ஒரு சொந்த வீடு இருக்கும், 4 லட்சம் ரொக்கம் இருக்காது. இவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். ஜகாத் வாங்க முடியாது, கேட்கக் கூச்சம், வங்கிக்குப் போனால் வட்டி. வட்டி விகிதம் குறைவு என்பதால் அது ஹலால் ஆகிவிடாது. இவர்களுக்கு இஸ்லாம் வைத்த வழி கர்ளன் ஹஸனா. அழகிய கடன் கொடுப்பவர் அல்லாஹ்வுக்கே கடன் கொடுப்பவராகக் குர்ஆனில் சொல்லப்படுகிறார் (2:245).

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் மஹல்லாவில் 200 வீடுகள் மாதம் 500 ரூபாய் ஒதுக்கினால் மாதம் ஒரு லட்சம், ஆண்டுக்கு 12 லட்சம். அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்த இரண்டு பிள்ளைகளின் ஆண்டுக் கட்டணம் அதில் வந்துவிடும், மீதியும் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் ஒரு தொகையை மூன்று வருடத்துக்கு அமானிதமாகத் தந்து, பிறகு திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இந்தக் கடன் நிதியில் ஜகாத் பணத்தைக் கலக்க வேண்டாம். ஸதகாவும் கல்வி வக்ஃபு வருமானமும் அமானிதத் தொகையும் மட்டும் இதற்கு.

கொடுக்கும்போது எழுதிக்கொள்ளுங்கள். குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து கடனை எழுதுவதைப் பற்றியதுதான் (2:282). எழுதக் கேட்டால் என்னை நம்பவில்லையா என்று கோபிக்க வேண்டாம். அல்லாஹ் சொன்னதைத்தான் செய்கிறோம். தவணை எப்போது தொடங்கும், எத்தனை வருடம், சாட்சி யார் எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். சிரமம் வந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுப்பதும் மார்க்கம்தான் (2:280).

முகத்தை மறைத்துக் கொடுங்கள்

இன்னொரு முக்கியமான விஷயம். ஒரு பிள்ளைக்கு ஐந்தாயிரம் ரூபாய் காசோலை கொடுக்க மேடை, பேனர், பொன்னாடை, பத்துப் பேர் நிற்கும் ஃபோட்டோ. பிறகு அது வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. வகுப்பில் இருக்கும் சக மாணவர்களும் பார்க்கிறார்கள். சொல்லிக்காட்டியும் மனம் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (2:264). கேட்காமல் மானத்தோடு இருப்பதால் பணக்காரர் என்று பிறர் நினைக்கும் ஏழைகளைப் பற்றியும் அவனே சொல்கிறான் (2:273). அவர்களைத் தேடிப் போவது நம் வேலை. அவர்கள் மேடையேறுவார்கள் என்று காத்திருக்கக் கூடாது.

தகுதியை எப்படி விசாரிப்பது என்றால், அதற்கும் ஹதீஸில் வழி இருக்கிறது. பிறரிடம் கேட்பது யாருக்கு ஆகும் என்று நபி (ஸல்) அவர்கள் கபீஸா (ரலி) அவர்களுக்கு விளக்கியபோது, வறுமைக்கு ஆளானவருக்காக அவருடைய மக்களில் விவரமுள்ள மூன்று பேர் சாட்சி சொல்வதைக் குறிப்பிட்டார்கள் (முஸ்லிம் 1044). மூன்று பேர் போதும். நம் மஹல்லாவில் நம்பிக்கையான மூவர், அவர்களில் ஓர் ஆசிரியர் இருக்கட்டும். அவர்களுக்குத் தெரிந்தது அவர்களோடு இருக்கட்டும். கலந்தாய்வு முடிவு வந்த 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்லும் அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். மாதக் கூட்டம் வரை காத்திருந்தால் இடம் காத்திருக்காது.

உதவி பெறும் பிள்ளைகளுக்கு

இங்கே மாடியில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! மக்களின் பொருளைத் திருப்பித் தரும் எண்ணத்தோடு வாங்குபவருக்காக அல்லாஹ் அதை நிறைவேற்றித் தருவான், அழிக்கும் எண்ணத்தோடு வாங்குபவரை அல்லாஹ் அழிப்பான் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது (புகாரி 2387). எல்லாம் வாங்கும் அன்றைய நிய்யத்தில் இருக்கிறது.

கடனாளியாக இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தொழ வைக்கவில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்றார்கள். அவர் விட்டுச் சென்ற கடன் மூன்றே தீனார். அபூகத்தாதா (ரலி) அவர்கள், அந்தக் கடன் என் பொறுப்பு என்று ஏற்ற பிறகுதான் தொழ வைத்தார்கள் (புகாரி 2289). இதில் இரண்டு பாடம். கடன் எவ்வளவு கனமானது என்பது வாங்கியவருக்கு. என் பொறுப்பு என்று எழுந்து நிற்க ஒருவர் வேண்டும் என்பது சபையில் இருந்தவர்களுக்கு.

நான்கரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி முடித்து நீங்கள் சம்பளம் வாங்கும்போது, உங்கள் தவணைக்காக 12-ஆம் வகுப்பில் ஒரு பிள்ளை காத்திருக்கும். கையில் வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம். இன்னொன்று: உங்கள் அறைக்கு வரும் நோயாளியிடம் கையில் காசு இருக்கிறதா என்று பார்க்கும் முன், உங்கள் கட்டணச் சீட்டில் எத்தனை பேருடைய ஐந்நூறு ரூபாய் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அந்த நோயாளி எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, அவரிடம் இனிமையாகப் பேசுவது நீங்கள் செலுத்தும் நன்றி.

ஏற்கெனவே வட்டிக் கடனில் சிக்கியவர்களைக் குத்திக் காட்டாதீர்கள். அவர்கள் தவ்பா செய்யட்டும், சீக்கிரம் அடைத்து வெளியேறட்டும். ஏழைக் கடனாளி ஜகாத்துக்கும் உரியவர் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாம் குத்பா

அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.

சகோதரர்களே! தொழுது முடித்ததும் யாரும் உணர்ச்சிவசப்பட்டுப் பெரிய தொகை அறிவிக்க வேண்டாம். மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் 12-ஆம் வகுப்பு படிக்கும் பிள்ளை யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த வீட்டில் சான்றிதழ்கள் தயாரா என்று கேளுங்கள். மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று உங்கள் வீட்டில் பேசி முடிவெடுங்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் மூவர் குழுவை அறிவிக்கும்படி நிர்வாகத்தினரை அல்லாஹ்வுக்காகக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு தகப்பனார் இஷாவுக்குப் பிறகு ஃபைலோடு இந்தப் பள்ளிக்கு வரும்போது, ஹலாலான வழி எது என்று அவர் கேட்பதற்கு முன்பே, இதோ இருக்கிறது பாய், உட்காருங்கள் என்று சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைக் கொடுப்பாயாக. அவர்களின் கைகளில் ஷிஃபாவை வைப்பாயாக. வட்டியின் நெருப்பிலிருந்து எங்கள் வீடுகளைக் காப்பாயாக. கடன்பட்டவர்களின் கடனை ஹலாலான வழியில் தீர்த்து வைப்பாயாக. வாரி வழங்குபவர்களின் செல்வத்தில் பரக்கத் செய்வாயாக. எங்களில் நோயுற்றோருக்குப் பூரண சுகத்தைத் தருவாயாக. பதில் சொல்ல முடியாமல் நாங்கள் திருப்பி அனுப்பியவர்கள் விஷயத்தில் எங்களை மன்னிப்பாயாக. ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.